உளவியல் ஆய்வு முறைகளின் அடிப்படைக் கருத்துகள்: கரும்பு விவசாயிகளைப் பற்றிய ஓர் ஆய்வின் வழியே ஒரு விளக்கம்

1. முன்னுரை

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் எலவனாசூர்கோட்டை. சுற்றியுள்ள சிற்றூர்களில் நெல்லோடு கரும்பும் பயிராகிறது. அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் கரும்பேற்றிய டிராக்டர்களும் லாரிகளும் ஆலைகளை நோக்கிச் செல்வதை இவ்வட்டாரச் சாலைகளில் காணலாம். இப்பகுதியில் பணியாற்றும் போதகர் ஒருவர், கரும்பு பயிரிடும் ஒரு குடும்பத்தை ஓர் ஆண்டில் இருமுறை சந்திப்பதாகக் கொள்வோம்.

முதற் சந்திப்பு கரும்பு வெட்டுக்கு முந்திய மாதத்தில் நடைபெறுகிறது. வீட்டிலிருந்த நகை அடகுக் கடையில் இருக்கிறது. பழைய கடனை அடைப்பதற்குப் புதிய கடன் வாங்கப்பட்டிருக்கிறது. பிள்ளையின் பள்ளிக்குச் செலுத்தவேண்டிய பணத்திற்குக் குறிக்கப்பட்ட நாள் கடந்துவிட்டது. போதகர் கேட்பதற்குக் குடும்பத் தலைவர் பொருத்தமின்றி விடை கூறுகிறார். சென்ற வாரம் ஒப்புக்கொண்ட காரியத்தை மறந்துவிட்டதாகச் சொல்லுகிறார். இரண்டாம் சந்திப்பு ஆலையிலிருந்து கரும்புப் பணம் வந்தபின் நிகழ்கிறது. நகை மீட்கப்பட்டுவிட்டது. அதே மனிதர் நிதானமாகப் பேசுகிறார். மகளின் மேற்படிப்பைப் பற்றித் தெளிவாகத் திட்டமிடுகிறார்.

முதற் சந்திப்போடு நின்றுவிட்ட போதகர் இவரைப் 'பொறுப்பற்றவர்' என்று மதிப்பிட்டிருப்பார். அந்த மதிப்பீடு அவருடைய உள்ளத்தோடு நின்றுவிடுவதில்லை. படிப்புதவிக்குப் பரிந்துரை எழுதும்போதும், சபைச் சங்கத்திற்கு யார் தகுதியானவர் என்று பேசும்போதும் அது வெளிப்படும். ஒரு குடும்பத்தின் பெயர் அதனால் உயரலாம்; கெடவும் செய்யலாம். எனவே, மனிதரைப் பற்றி நாம் கொள்ளும் முடிவுகள் எவ்வாறு அமையவேண்டும் என்பது திருப்பணியாளருக்கு ஏட்டளவிலான கேள்வியன்று. அயலாரைக் குறித்துப் பொய்ச்சாட்சி கூறலாகாது என்னும் கற்பனையோடு நேரடித் தொடர்புடைய கேள்வி அது.

மனித நடத்தையைப் பற்றிய கூற்றுகளைச் சோதித்தறிவதற்கு உளவியல் சில முறைகளை வகுத்துள்ளது. அம்முறைகளின் அடிப்படைக் கருத்துகளை, இம்மாவட்டத்தோடு தொடர்புடைய ஓர் ஆய்வை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. பொதுவறிவும் ஆய்வறிவும்

1879ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் வுண்ட் என்பார் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியல் ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார். உளவியல் தனியோர் அறிவியலாகத் தலையெடுத்தது அதுமுதற்கொண்டே என்பது வழக்கம். இந்தியாவில் 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலும், 1924இல் மைசூரிலும், 1943இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் உளவியல் துறைகள் தோன்றின. அதற்கு முன்னரும் மனிதர் மனிதரைப் பற்றி அறிந்தே இருந்தனர். பழமொழிகள் அவ்வறிவின் சேமிப்பு எனலாம். ஆயினும் பழமொழிகளில் ஒன்றுக்கொன்று மாறானவை உண்டு. நடந்து முடிந்த எதற்கும் பொருத்தமான பழமொழி ஒன்று கிடைத்துவிடும். எதையும் விளக்கவல்ல கூற்று எதையும் சோதிக்க இடந்தராது.

பொதுவறிவின் குறைபாடுகள் மூன்று. முதலாவது, நம் கருத்துக்கு ஒத்தவற்றையே நாம் நினைவில் வைக்கிறோம், ஒவ்வாதவற்றை மறந்துவிடுகிறோம். இரண்டாவது, ஒருவருடைய நடத்தைக்குக் காரணத்தை அவருடைய குணத்திலே தேடுகிறோம். அவருடைய சூழ்நிலையை எளிதில் கவனிப்பதில்லை. மூன்றாவது, நாம் கண்ட சிலரை வைத்து நாம் காணாத பலரைப் பற்றித் தீர்ப்புச் செய்கிறோம். ஆய்வு முறைகள் யாவும் இக்குறைபாடுகளுக்கு எதிராக எழுப்பப்பட்ட வேலிகளே.

உளவியலார் கையாளும் முறைகள் பல. இயல்பான சூழலில் நடத்தையைக் கவனித்துக் குறிப்பது உற்றுநோக்கல் முறை. ஒருவரையோ ஒரு குடும்பத்தையோ நீண்ட காலம் ஆழமாக ஆராய்வது தனியாள் ஆய்வு. பலரிடம் ஒரேவிதமான வினாக்களைக் கேட்டு விடைகளைத் தொகுப்பது அளவாய்வு. இரண்டு செய்திகள் எந்த அளவுக்குச் சேர்ந்து மாறுகின்றன என்று கணிப்பது உடன்தொடர்பு ஆய்வு. ஒன்றை ஆய்வாளரே மாற்றி, அதனால் மற்றொன்று மாறுகிறதா என்று பார்ப்பது பரிசோதனை. எந்த முறை சிறந்தது என்பது கேட்கப்படும் வினாவைப் பொறுத்தது. துக்கத்திலிருக்கும் ஒரு தாயின் அனுபவத்தை அறியப் பரிசோதனை உதவாது. ஒரு மருந்தின் பயனை அறியத் தனியாள் ஆய்வு மட்டும் போதாது.

3. கருதுகோளும் மாறிகளும்

2013ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 'சயின்ஸ்' என்னும் அறிவியல் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதனை எழுதியோர் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஷாவோ ஆகிய நால்வர். தமிழ்நாட்டின் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களிலுள்ள 54 ஊர்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் அதன் களப்பகுதி நடைபெற்றது. கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019ஆம் ஆண்டு நவம்பரில்தான் தனியாகப் பிரிந்தது. ஆய்வு நடந்த காலத்தில் எலவனாசூர்கோட்டையும் அதன் சுற்றுவட்டாரமும் விழுப்புரம் மாவட்டத்திலேயே அடங்கியிருந்தன. ஆகவே இது நம் அயலாரைப் பற்றிய ஆய்வே.

ஏழைகள் பல வேளைகளில் தமக்கே தீங்கான முடிவுகளைச் செய்கிறார்கள் என்பது உலகெங்கும் சொல்லப்படும் குறை. மருந்தைத் தவறாமல் உட்கொள்ளுவதில்லை, குறித்த நாளில் வருவதில்லை, அதிக வட்டிக்குக் கடன் வாங்குகிறார்கள் என்று கூறுவர். இதற்கு இரண்டு விளக்கங்கள் இருக்கலாம். அவர்களுடைய இயல்பே அத்தகையது என்பது ஒன்று. வறுமை உண்டாக்கும் பணக்கவலை அவர்களுடைய கவனத்தை விழுங்கிவிடுவதால் மற்றக் காரியங்களுக்குச் சிந்தனை ஆற்றல் குறைவாகவே எஞ்சுகிறது என்பது மற்றொன்று. ஆய்வாளர் இரண்டாவதைத் தம் கருதுகோளாகக் கொண்டனர்.

கருதுகோள் என்பது சோதிக்கத்தக்க வடிவில் கூறப்பட்ட எதிர்பார்ப்பு. அது தவறாக இருக்குமானால் எத்தகைய விளைவு காணப்படும் என்பதை முன்கூட்டியே சொல்லக்கூடியதாக அது அமையவேண்டும். இங்கு அந்தத் தன்மை உள்ளது. குறைபாடு இயல்பில் இருக்குமாயின், ஒரே விவசாயி பணமில்லாத மாதத்திலும் பணமுள்ள மாதத்திலும் ஒரேவிதமாகவே சிந்திக்கவேண்டும். குறைபாடு சூழ்நிலையால் வருவதாயின், அவருடைய சிந்தனை ஆற்றல் இவ்விரு காலங்களிலும் வேறுபடவேண்டும். இரண்டும் ஒருங்கே உண்மையாக இருத்தல் இயலாது.

மாறக்கூடிய எதுவும் ஆய்வு வழக்கில் மாறி எனப்படும். எதனுடைய விளைவை அறிய விரும்புகிறோமோ அது சாரா மாறி. எதில் விளைவு தோன்றும் என்று எதிர்பார்க்கிறோமோ அது சார்ந்த மாறி. இவ்வாய்வில் பணநிலை சாரா மாறி. சிந்தனை ஆற்றல் சார்ந்த மாறி. இவ்விரண்டையும் பாதிக்கவல்ல வேறு மாறிகள் உடன் கலந்துவிட்டால் முடிவு குழம்பிவிடும். அத்தகையவற்றைக் குழப்பும் மாறிகள் என்பர்.

4. அளவீடு: நம்பகமும் ஏற்புடைமையும்

'வறுமை', 'சிந்தனை ஆற்றல்', 'விசுவாச வளர்ச்சி' போன்றவை அருஞ்சொற்கள். அவற்றை அப்படியே அளக்க முடியாது. இன்னின்ன செயல்களைக் கொண்டு இதனை அளப்போம் என்று வரையறுத்துக்கொள்ளுதல் வேண்டும். இதற்குச் செயல்முறை வரையறை என்று பெயர்.

மேற்கூறிய ஆய்வாளர் பணநெருக்கடியை அடகு, கடன் போன்ற விவரங்களால் உறுதிசெய்தனர். அறுவடைக்கு முன் விவசாயிகளில் 78 விழுக்காட்டினர் பொருள்களை அடகு வைத்திருந்தனர். அறுவடைக்குப் பின் 4 விழுக்காட்டினரே வைத்திருந்தனர். கடன்பட்டிருந்தோர் முன்னர் 99 விழுக்காடு. பின்னர் 13 விழுக்காடு. சிந்தனை ஆற்றலை அளக்க இரண்டு தேர்வுகள் பயன்பட்டன. ஒன்று, ஜான் ரேவன் என்பார் 1938இல் வெளியிட்ட படிவத் தேர்வு. வடிவங்கள் அடங்கிய ஒரு படத்தில் விடுபட்ட பகுதியைக் கண்டுபிடித்துப் பொருத்துவது அதன் முறை. மற்றொன்று, ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935இல் வெளியிட்ட சோதனையைத் தழுவியது. இந்த ஸ்ட்ரூப் உளவியலாராக மட்டுமன்றிப் பிரசங்கியாராகவும் வேதாகம ஆசிரியராகவும் தொண்டாற்றியவர் என்பது நம் வாசகர்க்குச் சுவையான செய்தி. எழுத்தறிவு குறைந்தோரும் செய்யத்தக்கதாக, இங்கு எண்கள் பயன்படுத்தப்பட்டன. '5 5 5' என்று காட்டினால், 'ஐந்து' என்று கூறத் தூண்டும் உந்துதலை அடக்கி, எத்தனை எண்கள் உள்ளன என்பதை, அதாவது 'மூன்று' என்பதைக் கூறவேண்டும். கவனத்தையும் தன்னடக்கத்தையும் இது அளக்கிறது.

நல்ல அளவுகோலுக்கு இரண்டு பண்புகள் தேவை. மீண்டும் மீண்டும் அளந்தாலும் ஒத்த விடையைத் தருவது நம்பகம். எதை அளப்பதாகக் கூறுகிறோமோ அதையே அளப்பது ஏற்புடைமை. எப்போதும் நூறு கிராம் குறைத்துக் காட்டும் தராசு நம்பகமானது, ஏற்புடையதன்று. நற்செய்திக் கூட்டத்தில் உயர்த்தப்பட்ட கைகளை இரண்டுபேர் எண்ணி ஒரே தொகையைக் கூறலாம், எண்ணிக்கை நம்பகமானதே. ஆனால் அத்தொகை மனந்திரும்புதலை அளக்கிறதா என்பது வேறு கேள்வி. நம் அறிக்கைகளில் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும் வழக்கம் உண்டு.

5. மாதிரி

கரும்பு பயிரிடும் அனைவரையும் ஆராய்தல் இயலாது. யாரைப் பற்றி முடிவு கூற விரும்புகிறோமோ அவர்கள் அனைவரும் முழுமைத்தொகுதி. அவர்களுள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுவோர் மாதிரி. மாதிரியின் அளவைக் காட்டிலும் அது தெரிந்தெடுக்கப்பட்ட விதமே முதன்மையானது. முழுமைத்தொகுதியில் உள்ள ஒவ்வொருவருக்கும் இடம்பெறும் வாய்ப்பு அமையுமாறு, சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் தெரிந்தெடுப்பது வாய்ப்பு மாதிரி. இவ்வாய்வில், வருமானத்தின் பெரும்பகுதியைக் கரும்பிலிருந்து பெறும் சிறு விவசாயிகள் இவ்வகையிலேயே தெரிந்தெடுக்கப்பட்டனர்.

இறையியல் மாணவர் பட்ட ஆய்வுக்காகச் சபைகளில் வினாத்தாள் கொடுக்கும்போது, ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நிற்போரிடம் கொடுப்பதே வழக்கமாக இருக்கிறது. அவ்விடைகள் ஆராதனைக்கு வந்தவர்களின் விடைகளே. வேலைக்காக வெளியூர் சென்றோர், நோயால் படுத்திருப்போர், சபையோடு மனத்தாங்கல் கொண்டு விலகியோர் ஆகியோர் அதில் இல்லை. 'சபை மக்களின் கருத்து' என்று தலைப்பிடுவதற்கு அது போதாது.

6. ஆய்வு வடிவமைப்பும் போட்டி விளக்கங்களும்

ஏழைகளையும் செல்வரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது எளிது. ஆனால் அவ்விரு சாராரும் பணத்தில் மட்டுமா வேறுபடுகின்றனர்? கல்வி, ஊட்டம், உடல்நலம், குழந்தைப்பருவம் எல்லாவற்றிலும் வேறுபடுகின்றனர். எது காரணம் என்று பிரித்துக் காண முடியாது. இதனால்தான் ஆய்வாளர் கரும்பு விவசாயியைத் தேடி வந்தனர். அவருக்கு வருமானம் ஆண்டுக்கொருமுறை மொத்தமாக வருகிறது. ஆகவே அவர் ஓராண்டிற்குள்ளேயே நெருக்கடியையும் ஓரளவு நிறைவையும் காண்கிறார். ஒருவரை வேறொருவரோடு ஒப்பிடாமல், அவரையே அவரோடு ஒப்பிடுதல் இயலுகிறது. கல்வியும் பிறப்பும் வளர்ப்பும் மாறாமலிருக்க, பணநிலை மட்டும் மாறுகிறது.

முடிவு பின்வருமாறு அமைந்தது. ரேவன் தேர்வில் அறுவடைக்கு முன் சராசரியாக 4.35 வினாக்களுக்குச் சரியான விடை கூறியோர், அறுவடைக்குப் பின் 5.45 வினாக்களுக்குக் கூறினர். எண் சோதனையை முடிப்பதற்கு முன்னர் 146 நொடிகள் தேவைப்பட்டன. பின்னர் 131 நொடிகளே தேவைப்பட்டன. பிழைகளும் குறைந்தன.

இவ்வளவில் முடிவு கூறிவிடலாமா? கூடாது. தம் விளக்கத்தோடு போட்டியிடும் பிற விளக்கங்களைத் தேடிச் சோதிப்பதே ஆய்வின் உயிர்நாடி. இங்கு எழக்கூடியவை நான்கு.

முதலாவது, பழக்கம். ஒரே தேர்வை இரண்டாம் முறை எழுதுவோர் எளிதாகச் செய்வர் அல்லவா? இதனை முன்னரே எண்ணி, 100 விவசாயிகளை முதற் சுற்றில் சேர்க்காமல் நிறுத்திவைத்து, அறுவடைக்குப் பின்னரே முதன்முறையாகத் தேர்வு கொடுத்தனர். முன்பழக்கமற்ற அவர்களும், அறுவடைக்கு முன் முதன்முறை எழுதியோரைவிட நன்றாகச் செய்தனர்.

இரண்டாவது, பருவம். வெயிலோ மழையோ திருவிழாவோ காரணமாக இருக்கலாமே! இங்கு ஆலைகளின் வழக்கம் ஆய்வுக்கு உதவியது. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு ஆலைகளை அறிந்த இப்பகுதியினர்க்கு இது புதிதன்று. ஓர் ஆலை நாளொன்றுக்கு அரைக்கக்கூடிய கரும்பு ஓர் அளவுக்குட்பட்டது. ஆதலால் எல்லாருக்கும் ஒரே நாளில் வெட்டு உத்தரவு கிடைப்பதில்லை. ஒரே மாதத்தில் ஒருவர் வெட்டி முடித்திருப்பார். அடுத்த ஊரில் ஒருவர் காத்திருப்பார். எனவே நாட்காட்டியின் விளைவையும் பணத்தின் விளைவையும் பிரித்துக் காண முடிந்தது.

மூன்றாவது, உணவுக் குறைவு. பசியால் சிந்தனை மந்தமாகியிருக்கலாம். ஆய்வாளர் இதனையும் பரிசீலித்து, இவ்வேறுபாட்டை அதைக்கொண்டு விளக்க முடியாது என்று கண்டனர்.

நான்காவது, உடலின் பதற்றம். நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அளந்தனர். அறுவடைக்கு முன் பதற்றம் மிகுந்திருந்தது உண்மையே. ஆயினும் அதைக் கணக்கிலிருந்து நீக்கியபின்னும் சிந்தனை ஆற்றலின் வேறுபாடு எஞ்சி நின்றது.

இவ்வாறு போட்டி விளக்கங்களை விலக்கும் மனப்பான்மை திருமறை வாசகர்க்கு அந்நியமானதன்று. நியாயாதிபதிகள் நூலில் கிதியோன் முதலிரவு தோல் மட்டும் நனைந்திருக்கவேண்டும் என்றும், அடுத்த இரவு தோல் மட்டும் உலர்ந்திருக்கவேண்டும் என்றும் கேட்கிறான். மயிர்த்தோல் இயல்பாகவே பனியை ஈர்க்கக்கூடும் என்னும் ஐயத்திற்கு இரண்டாம் இரவு இடந்தரவில்லை. தானியேல் நூலில் பருப்பு முதலியவற்றை உண்டவர்களும் அரசனுடைய போசனத்தை உண்டவர்களும் பத்து நாள் கழித்து ஒப்பிடப்படுகின்றனர். இந்நூல்கள் ஆய்வறிக்கைகள் அல்ல. அவற்றின் நோக்கம் வேறு. ஆயினும், ஒப்பீடு இல்லாமல் முடிவு இல்லை என்னும் எண்ணம் எவ்வளவு பழமையானது என்பதை அவை காட்டுகின்றன.

7. உடன்தொடர்பும் காரணமும்

2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்தகைய துயரத்திற்குப் பின் குடியைப் பற்றியும் வறுமையைப் பற்றியும் பிரசங்கபீடங்களில் பேசாதிருக்க முடியாது. குடிப்பவர் வீடுகளில் கடன் மிகுதியாக இருப்பதைப் போதகர் எவரும் கண்டிருப்பர். ஆனால் குடி கடனை உண்டாக்குகிறதா? கடனின் சுமை குடிக்கத் தூண்டுகிறதா? கடினமான உடலுழைப்பின் வலி இரண்டுக்கும் காரணமாகிறதா? இரண்டு செய்திகள் சேர்ந்து காணப்படுவது உடன்தொடர்பு. அதிலிருந்து மட்டும் காரணத்தை முடிவுசெய்தல் தவறு.

காரணத்தைப் பிரித்தறிய உதவுவது வாய்ப்புப் பங்கீடு. ஆய்வில் கலந்துகொள்வோரைச் சீட்டுக் குலுக்கிச் சோதனைக் குழு, கட்டுப்பாட்டுக் குழு என இரண்டாகப் பிரித்தால், குணமும் வருமானமும் பழக்கமும் இரு குழுக்களிலும் ஏறத்தாழச் சமமாகப் பரவிவிடும். பின்னர் தோன்றும் வேறுபாடு ஆய்வாளர் செய்த மாற்றத்தினாலேயே தோன்றியது எனலாம். வாய்ப்பு மாதிரி முடிவைப் பிறருக்கும் விரிக்க உதவுகிறது; வாய்ப்புப் பங்கீடு காரணத்தை அறிய உதவுகிறது. இவ்விரண்டையும் மாணவர் அடிக்கடி குழப்பிக்கொள்கின்றனர்.

சென்னையில் ஃபிராங்க் ஷில்பாக் என்பார் 229 சைக்கிள் ரிக்ஷா ஓட்டுநர்களிடம் மூன்று வாரம் நடத்திய ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஒரு சாராருக்கு, மூச்சுச் சோதனையில் மது காணப்படாவிடின் கூடுதல் பணம் கொடுக்கப்பட்டது. மற்றொரு சாராருக்குக் குடித்திருந்தாலும் குடிக்காவிட்டாலும் ஒரே தொகை. முதற் சாராரிடம் பகல்நேரக் குடி குறைந்தது. சேமிப்பு குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. நாளின் மொத்தக் குடி பெரிதாகக் குறையாதபோதும் இவ்வாறு நிகழ்ந்தது கருதத்தக்கது. ஓட்டுநர்களுள் பலர், பணம் சிறிது குறைந்தாலும் தெளிவாயிருக்கத் தம்மைத் தூண்டும் ஏற்பாட்டையே விரும்பினர். அவர்களுக்கு விருப்பமில்லை என்று நாம் எண்ணியிருந்த இடத்தில் விருப்பம் இருந்தது.

சென்னையிலேயே நடந்த மற்றோர் ஆய்வு 2021இல் வெளியாயிற்று. 452 ஏழைத் தொழிலாளர் அதில் கலந்துகொண்டனர். இரவில் எட்டு மணிநேரம் படுத்திருந்தும் ஐந்தரை மணிநேரமே அவர்கள் உறங்கினர். ஆலோசனை, கண்மறைப்பு, மின்விசிறி முதலியவற்றால் உறக்கம் 27 நிமிடம் கூட்டப்பட்டது. வேலைத்திறனும் சிந்தனையும் உயரும் என்று எவரும் எதிர்பார்ப்பர், உயரவில்லை. ஆனால் வேலையிடத்தில் அளிக்கப்பட்ட பகற்சிறுதுயில் பயன் தந்தது. நல்லெண்ணமும் தருக்கமும் ஒரு பக்கம் சாய்ந்திருக்க, உண்மை மறுபக்கம் இருக்கலாம் என்பதற்கு இது சான்று.

8. முடிவுகளின் எல்லை

ஆய்வில் கிடைக்கும் வேறுபாடு தற்செயலாகவும் தோன்றக்கூடும். தற்செயலால் இத்தகைய வேறுபாடு தோன்றும் வாய்ப்பு மிகக் குறைவு, வழக்கமாக நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு என்றால், அதனைப் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கது என்பர். இது நிரூபணமன்று. ஆகையால் வேறு ஆய்வாளர் வேறிடத்தில் அதே ஆய்வைத் திரும்பச் செய்து பார்க்கும் மீள்செய்கை தேவைப்படுகிறது. உளவியலில் வெளியான 100 ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்த ஒரு பெருமுயற்சியின் அறிக்கை 2015இல் வந்தது. அவற்றுள் 36 விழுக்காட்டில் மட்டுமே குறிப்பிடத்தக்க முடிவு மீண்டும் கிடைத்தது. உளவியல் தன் குறையைத் தானே வெளிப்படையாக அளந்து அறிவித்தது அதன் பெருமையே.

கரும்பு விவசாயிகளைப் பற்றிய ஆய்வும் விமரிசனத்துக்கு விலக்கன்று. அதே கட்டுரையில் அமெரிக்காவில் நடத்திய பரிசோதனைகளும் இடம்பெற்றிருந்தன. அவற்றில் வருமானத்தை இரு பிரிவாக மட்டும் வெட்டிப் பார்த்தது பொருந்தாது என்றும், தேர்வுகள் மிக எளியவை என்றும் விக்கர்ட்ஸ், ஸ்கொல்டன் ஆகியோர் அவ்வாண்டிலேயே மறுப்பு எழுதினர். 2016இல் கார்வாலோ, மையர், வாங் ஆகியோர் அமெரிக்கக் குறைந்த வருமானத்தாரைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டபோது சிந்தனை ஆற்றலில் வேறுபாடு காணவில்லை. ஆண்டுக்கொருமுறை வரும் கரும்புப் பணமும் அடிக்கடி வரும் சம்பளமும் ஒன்றல்ல என்று கூறலாம். அதுவும் சோதிக்கப்படவேண்டிய ஒரு கருதுகோளே.

ஆகவே ஓர் ஆய்வைப் பிரசங்கத்தில் எடுத்தாளும்போது 'விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது' என்று கூறுதல் தகாது. 'இன்ன இடத்தில், இன்னாரிடம், இவ்வாறு காணப்பட்டது' என்று கூறுவதே நேர்மை.

9. ஆய்வு ஒழுக்கம்

மனிதரை ஆராய்வோர் மனிதரின் மாண்பைக் காக்கக் கடமைப்பட்டவர். 1979இல் அமெரிக்காவில் வெளிவந்த பெல்மாண்ட் அறிக்கை மூன்று நெறிகளை வகுத்தது: ஆட்களுக்கு மதிப்பு, நன்மை செய்தல், நீதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட ஒழுக்க நெறிகளும் இவற்றை வற்புறுத்துகின்றன. ஆய்வின் நோக்கத்தை விளங்கச் சொல்லி இசைவு பெறுதல், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளும் உரிமையை அளித்தல், தந்த விவரங்களை மறைவாகக் காத்தல் ஆகியவை இவற்றின் சாரம்.

போதகர் தம் சபையிலேயே ஆய்வு செய்யும்போது இரண்டு இடர்கள் உண்டு. போதகர் கேட்டால் மறுக்க மனம் வராது. எனவே இசைவு முழு இசைவாக இராது. மேலும், போதகருக்குப் பிடித்த விடையையே மக்கள் கூறுவர். நாள்தோறும் குடும்ப ஜெபம் செய்கிறீர்களா என்று போதகரே கேட்டால் கிடைக்கும் விடையின் ஏற்புடைமை எவ்வளவு என்பதை விளக்கத் தேவையில்லை. வேறொருவரைக் கொண்டு கேட்பித்தலும், பெயரில்லாமல் விடை பெறுதலும் இவ்விடர்களைக் குறைக்கும். ஆன்மிக ஆலோசனையில் கேட்டறிந்ததை ஆய்வேட்டில் எழுதுதல் எக்காரணத்தாலும் கூடாது.

10. முடிவுரை

எலவனாசூர்கோட்டைப் பகுதியின் போதகரிடம் திரும்புவோம். அவர் ஆய்வாளராக வேண்டியதில்லை. ஆயினும் ஆய்வு முறை அவருக்குச் சில பழக்கங்களைக் கற்றுத்தரும். ஒருவரைப் பற்றித் தீர்மானிக்குமுன், 'நான் இவரை எந்த மாதத்தில் கண்டேன்?' என்று கேட்டுக்கொள்ளலாம். 'இவரிடம் காணும் குறை, இவர் நிலையில் நானிருந்தால் என்னிடமும் காணப்படுமா?' என்று சோதிக்கலாம். 'என் விளக்கம் தவறானால் அதை எப்படி அறிவேன்?' என்று வினவலாம்.

நடைமுறையிலும் பயனுண்டு. சந்தா நிலுவையைப் பற்றிய கடிதம், பயிற்சி வகுப்பு, திருமண ஆலோசனை, நீண்ட விண்ணப்பப் படிவம் ஆகியவற்றை வெட்டுக்கு முந்திய நெருக்கடியான வாரங்களில் வைக்காமல், கரும்புப் பணம் வந்தபின் வைக்கலாம். அறுப்புப் பண்டிகையின் நாளை நிர்ணயிக்கும் சபைச் சங்கங்கள் காணிக்கையை மட்டுமன்றி மக்களின் மனச்சுமையையும் எண்ணிப் பார்க்கலாம். மறதியுள்ளவரைக் கடிந்துகொள்வதற்கு முன் அவருக்கு ஒருமுறை நினைவூட்டலாம்.

மேற்கண்ட ஆய்வு ஏழையின் அறிவு குறைந்தது என்று கூறவில்லை. அதே அறிவு, கவலையின் சுமை இறங்கியபோது மேலெழுந்ததையே அது கண்டது. இம்முடிவும் நாளை திருத்தப்படலாம். ஆனால் முறை நமக்குக் கற்பிக்கும் பொறுமை நிலைத்திருக்கும். கண்டதை அளவோடு கூறுதல், காணாததைக் கூறாதிருத்தல், பிறிதொரு விளக்கத்திற்கு இடங்கொடுத்தல் ஆகிய மூன்றும் ஆய்வாளரின் ஒழுங்கு. அயலானைக் குறித்து உண்மையான சாட்சி கூற விரும்பும் திருப்பணியாளரின் ஒழுங்கும் அதுவே.